81 நாள்களும் மிச்ச வாழ்க்கையும்



கென்யாவின் நந்தி மலைப்பகுதிக்காரர், ஓட்டப்பந்தய வீரர் ஹென்றி ரோனோ. அமெரிக்காவில் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவராக இருக்கும்போதே, 1978இல், 81 நாள்களுக்குள் நான்கு உலக சாதனைகளை முறியடித்தார். ஏப்ரலில் பெர்க்லியில் 5,000 மீட்டர். மே மாதம் சியாட்டிலில் 3,000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸ். ஜூனில் வியன்னாவில் 10,000, ஆஸ்லோவில் 3,000. வியன்னாவில் அவர் தகர்த்த பழைய சாதனை யாருடையது தெரியுமா? அதே பல்கலைக்கழகத்துக்காக ஓடிய சாம்சன் கிமோப்வாவுடையது. ஆஸ்லோவில் ரோனோ எடுத்துக்கொண்ட 7 நிமிடம் 32.1 விநாடியை மிஞ்ச 1989 வரை ஆள் இல்லை.

அப்படிப்பட்டவர் ஓர் ஒலிம்பிக்கிலும் ஓடவில்லை. நிறவெறித் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் ரக்பி ஆடிய நியூசிலாந்தை அனுமதித்ததற்காக 1976இல் ஆப்பிரிக்க நாடுகள் பலவும் மான்ட்ரியல் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததால் 1980இல் கென்யா மாஸ்கோவுக்குப் போகவில்லை. முதல் புறக்கணிப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். அந்த நியாயத்துக்கு விலை கொடுத்தவர்கள் இருபது வயதுப் பிள்ளைகள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பிறகு குடி. ரோனோவின் கதையைச் சொல்கிறவர்களுக்கு இந்த இடத்தில் குரல் தாழ்ந்துவிடும். "பாவம், வீணாகப் போய்விட்டார்" என்று முடித்துக்கொள்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குடியால் பெருத்த உடம்பை ஓடி ஓடியே இறக்கி, 1981இல் நார்வேயின் க்னார்விக்கில் 5,000 மீட்டரை 13 நிமிடம் 6.2 விநாடியில் முடித்தார். அங்கே உடைந்தது அவருடைய சொந்த சாதனை.

அதற்கப்புறமும் குடி விடவில்லை. பணம் போயிற்று, தங்க இடமும் போயிற்று. கார் கழுவினார், விமான நிலையத்தில் பெட்டி தூக்கினார். இந்த வேலைகளை அவருடைய வீழ்ச்சிக்குச் சான்றாகக் காட்டும் கட்டுரைகள் உண்டு. வாடகை கொடுப்பதற்காகப் பெட்டி தூக்குவது எப்படி ஐயா வீழ்ச்சியாகும்? குடிதான் வீழ்ச்சி, வேலை அல்ல. குடியிலிருந்து மீண்டு, நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் ஆசிரியராக இருந்தார், ஓட்டப் பயிற்சியும் கொடுத்தார், தம் கதையைத் தாமே புத்தகமாக எழுதினார். கடைசிக் காலத்தில் கென்யாவுக்குத் திரும்பி, 2024 பிப்ரவரியில் நைரோபியில் தம் 72ஆம் வயதில் காலமானார்.

அந்த 81 நாள்களை மட்டும் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்திருக்கலாம். கைதட்டல் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.