எதன் மீது ஐந்து சதவீதம்?

(மாவட்ட அளவிலான கணித ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்தில் வரும் சரக்கு மற்றும் சேவை வரியைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். வரி என்றதும், இது வணிகவியல் ஆசிரியரின் வேலை ஆயிற்றே என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் நம் பள்ளிப் பிள்ளைகளில் பலர் வாரத்தில் நாலைந்து நாள் கடைக்குப் போகிறவர்கள். வீட்டில் பில்லைப் படிக்கத் தெரிந்தவர் அந்தப் பிள்ளை ஒருவர்தான் என்ற நிலையும் பல குடும்பங்களில் உண்டு. ஆகவே இது நம் பாடம்தான்.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு கேள்வியைப் பற்றி. "எதன் மீது?" சதவீதம் என்ற சொல் வந்தவுடன் பெருக்கலில் இறங்காமல், முதலில் இந்தக் கேள்வியைக் கேட்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.

பாடநூல் கணக்கு எப்படி இருக்கும்? ஒரு மின்விசிறியின் விலை 2,000 ரூபாய், வரி 18 சதவீதம், செலுத்த வேண்டிய தொகை எவ்வளவு? வரி 360, மொத்தம் 2,360. இதை வகுப்பில் பெரும்பாலோர் சரியாகச் செய்துவிடுகிறார்கள். கடையில் நடப்பது இதற்கு நேர்மாறு. பெட்டியின் மேல் 2,360 என்று அச்சிட்டிருக்கும், கீழே 'அனைத்து வரிகளும் உட்பட' என்று இருக்கும். இதில் வரி எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளையும் 2,360இல் 18 சதவீதம் கண்டு 424 ரூபாய் 80 காசு என்று எழுதும்.

அப்போது 'தவறு' என்று சிவப்பு மையால் கோடு போட வேண்டாம். விடையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். 2,360இல் 424.80 போனால் 1,935.20. இதன் மீது மறுபடி 18 சதவீதம் சேர்த்தால் ஏறத்தாழ 2,283.54 வருகிறது. பெட்டியில் இருப்பதோ 2,360. எங்கோ இடிக்கிறது என்று பிள்ளையே கண்டுகொள்ளும். 18 சதவீதம் என்பது வரி சேராத விலையின் மீது. அந்த விலையை 100 பங்கு என்றால் வரி 18 பங்கு, அச்சிட்ட விலை 118 பங்கு. ஆகவே 2,360ஐ 118ஆல் வகுத்தால் ஒரு பங்கு 20 ரூபாய், வரி 360. ஆறாம் வகுப்பில் படித்த விகிதம்தான் இங்கே வேலை செய்கிறது.

5 சதவீத வரி என்றால் இன்னும் எளிது. 105 பங்கில் 5 பங்கு வரி, அதாவது 21இல் ஒன்று. 42 ரூபாய்ச் சோப்பை 21ஆல் வகுத்தால் வரி 2 ரூபாய். மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். 40 சதவீதம் என்றால் 140இல் 40, அதாவது ஏழில் இரண்டு. சர்க்கரை சேர்த்த, வாயு ஏற்றிய குளிர்பானங்களுக்கு இந்த வரி. 35 ரூபாய் பாட்டிலில் வரி மட்டும் 10 ரூபாய்.

இதை வைத்து என் வகுப்பில் ஒரு செயல்பாடு செய்கிறேன். ஒரு வாரச் சாமான் பட்டியலைக் கரும்பலகையில் எழுதுவேன். சமையல் எண்ணெய் 168, சோப்பு இரண்டு 84, பற்பசை 63, டீத்தூள் 105, சர்க்கரை 84. எல்லாமே வரி உட்பட்ட விலை, எல்லாமே 5 சதவீதம். மொத்தம் 504, 21ஆல் வகுத்தால் வரி 24 ரூபாய். காய்கறி, பால், உதிரியாக வாங்கும் அரிசி, உப்பு ஆகியவற்றுக்கு வரி இல்லை. இதோடு மேலே சொன்ன குளிர்பான பாட்டிலைச் சேர்த்தால் அது ஒன்றே 10 ரூபாய் வரி கொண்டுவருகிறது. ஐந்து சாமானுக்கு 24, ஒரு பாட்டிலுக்கு 10. இதற்கு மேல் நான் விளக்கம் சொல்வதில்லை. பிள்ளைகளே பேசிக்கொள்கிறார்கள்.

அரிசியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 25 கிலோ வரை பையில் அடைத்துப் பெயர், விலை முதலியன அச்சிட்டு விற்றால் 5 சதவீத வரி. இந்த விதி 2022 ஜூலை 18இல் வந்தது. அதன் பிறகு கடைகளில் 26 கிலோ மூட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். 'ஏன் சார் 26?' என்று ஒரு பிள்ளை கேட்டால், அன்றைய பாடம் அங்கிருந்தே தொடங்கிவிடும்.

அடுத்தது பில். வரி பிரித்துக் காட்டிய ஒரு ஓட்டல் பில்லை எடுத்துக்கொள்வோம். சாப்பாடு 240, சி.ஜி.எஸ்.டி. 2.5 சதவீதம் 6, எஸ்.ஜி.எஸ்.டி. 2.5 சதவீதம் 6, மொத்தம் 252. ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு தடவை வரி போட்டுவிட்டார்கள் என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஒரே 5 சதவீதத்தைத்தான் மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் சரிபாதியாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். பில்லின் மேலே கடைக்காரரின் 15 இலக்கப் பதிவு எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தின் குறியீடு. தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32, கர்நாடகத்துக்கு 29. எல்லையோர மாவட்டப் பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு.

அந்த எண் விளையாட்டுக்கு மட்டும் உரியது அல்ல. பதிவு எண் இல்லாத கடை தனியாக வரி வசூலிக்கக் கூடாது. சிறு வணிகர்களுக்கான இணக்க வரித் திட்டத்தில் இருப்பவர்களும் பில்லில் வரி என்று தனியே போட்டு வாங்கக் கூடாது.

இங்கே ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு. பில் சேகரித்து வரச் சொன்னபோது தேங்காய் எண்ணெய் வாங்கிய பில்லைக் கொண்டுவந்தாள். பாட்டிலில் அச்சிட்ட விலை 105. பில்லில் 105, அதன் கீழே வரி 5.25, மொத்தம் 110.25. வகுப்பே கணக்குப் போட்டது. 105க்குள் ஏற்கெனவே 5 ரூபாய் வரி இருக்கிறது. வெளியே இன்னொரு 5.25. அதாவது வரிக்கும் சேர்த்து வரி. மறுநாள் அவள் அம்மா பாட்டிலையும் பில்லையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்க் கேட்டார். கடைக்காரர் கணினியில் விலையை ஏற்றியபோது நேர்ந்த பிழை என்று சொல்லி, காசைத் திருப்பித் தந்தார். ஐந்தே கால் ரூபாய்தான். ஆனால் பில்லில் அச்சாகி வந்துவிட்டால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியிருந்த அந்த அம்மா, இப்போது மகளிடம் காட்டிவிட்டுத்தான் பில்லை மடித்து வைக்கிறாராம்.

அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் வாங்குவது சட்டப்படி குற்றம். கடையில் கேட்டும் சரியாகவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குச் சொல்லலாம். அதே சமயம், பில்லில் வரியைக் கண்டாலே கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. ஓட்டல் விலைப்பட்டியலில் வரி பெரும்பாலும் வெளியே இருக்கும். அச்சிட்ட விலை உள்ள பொட்டலத்தில் வரி உள்ளேயே இருக்கும். எது உள்ளே, எது வெளியே என்று பார்க்கப் பழக்குவதுதான் நம் வேலை.

2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்கள் மாறின. சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவற்றுக்கு 18 சதவீதம் 5 ஆனது. பென்சில், அழிப்பான், பயிற்சி நோட்டு ஆகியவற்றுக்கு வரியே இல்லை என்றானது. இதுவும் நமக்கு நல்ல கணக்கு. சோப்பின் அடிப்படை விலை 40 என்று வைத்துக்கொள்வோம். முன்பு 47.20, இப்போது 42. வரி 13 சதவீதப் புள்ளி குறைந்தது, ஆனால் விலை 13 சதவீதம் குறையவில்லை. 47.20இல் 5.20 என்பது சுமார் 11 சதவீதம். ஏன்? மறுபடியும் அதே கேள்விதான், எதன் மீது?

தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்றாம் வகுப்பில் சதவீதம் வேண்டாம். கடை விளையாட்டு விளையாடும்போது காலி பிஸ்கட் உறை, சோப்பு உறைகளைக் கொண்டுவரச் சொல்லி, அச்சிட்ட விலை எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். மேல்வகுப்பில் நாங்கள் எடுப்பதற்கு அதுவே அடித்தளம்.

நம் மாநிலத்துக்கும் இந்த வரிக்கும் பழைய தொடர்பு உண்டு. மதுவிலக்கால் குறைந்த வருவாயை ஈடுகட்ட, ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. 2007இல் அது மதிப்புக் கூட்டு வரியாகவும், 2017 ஜூலை 1இல் சரக்கு மற்றும் சேவை வரியாகவும் மாறியது. பெயர் எதுவானாலும் கடைசியில் அதைச் சுமப்பவர் பொருள் வாங்குகிறவர்தான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து, 'யாரோ கட்டும் வரியில் இலவசமாகப் படிக்கிறார்கள்' என்று பேசுவோர் உண்டு. நம் பிள்ளைகளும் அதைக் கேட்டுத் தலைகுனிகிறார்கள். கூலி வேலைக்குப் போகும் தாயும் சோப்பு வாங்கும்போது வரி கட்டுகிறார் என்பதை 504ஐ 21ஆல் வகுத்த பிள்ளை அறியும். எவ்வளவு கட்டுகிறார் என்றும் அறியும். அந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

எனவே வரும் வாரமே ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டிலிருந்து ஒரு பில்லோ, ஒரு காலி உறையோ கொண்டுவரச் சொல்லுங்கள். முதல் கேள்வியை மட்டும் நீங்கள் கேளுங்கள். மற்றவற்றை அவர்கள் கேட்பார்கள்.