விசா முடிந்தால் வாழ்க்கை முடிந்து விடுமா?

(வளைகுடாவிலிருந்து திரும்பிய சகோதரர்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை. வாசகர்களுக்காக எழுத்தில் தரப்படுகிறது.)

 

சபுராளி ஒருவர் ஊருக்கு வந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? "எப்ப வந்தீங்க?" இரண்டாவது கேள்வி? "எப்ப போறீங்க?" பாவம், அவர் இன்னும் பெட்டியைக் கூடப் பிரித்திருக்க மாட்டார்! "இனி போகல, எக்ஸிட்ல வந்துட்டேன்" என்று அவர் சொல்லி விட்டால் போதும், கேட்டவரின் முகம் மாறுகிறது. சம்பந்தி வீட்டில் பேச்சு மாறுகிறது. சில வீடுகளில் சோறு பரிமாறும் கை கூட மாறுகிறது!

இந்த ஒரு கேள்விக்குப் பயந்து, ஐம்பது வயதில் சர்க்கரை மாத்திரையோடு மீண்டும் விசா தேடி ஏஜெண்டின் வாசலில் நிற்கும் சகோதரர்கள் எத்தனை பேர்? எண்ணிப் பாருங்கள்!

திரும்பி வந்தது யார் குற்றம்?

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. ஒன்றரை லட்சத்திற்கும் அதிகமான இந்தியர்கள் கையில் கிடைத்த பையோடு தாயகம் வந்தார்கள். 2011இல் சவூதி அரசு நிதாகத் சட்டத்தைக் கொண்டு வந்தது. 2016இல் செல்போன் கடை வேலைகள் சவூதி குடிமக்களுக்கு மட்டுமே என்றாகியது. 2017 ஜூலையில், உடன் தங்கியிருக்கும் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் வந்தது. ஆண்டுதோறும் ஏறி 2020இல் 400 ரியாலானது. 2018 செப்டம்பர் முதல் துணிக்கடை, பர்னிச்சர் கடை என்று 12 வகை சில்லறை வியாபாரங்கள் படிப்படியாகச் சவூதிமயமாயின. 2020இல் கொரோனா!

இவற்றில் எது நம் சகோதரனின் சோம்பலால் வந்தது? தன் குடிமக்களுக்கு வேலை வேண்டும் என்று அந்த நாடு நினைப்பதிலும் தவறில்லை. வளைகுடா வேலை எந்த நாளிலும் முடியக் கூடியது. முடியும் என்று தெரிந்த ஒன்றுக்குப் பின் என்ன செய்வது என்று நாம் யோசிக்கவில்லை. பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

கடை வைத்தால் போதுமா?

திரும்பி வந்தவர் வழக்கமாக என்ன செய்கிறார்? செட்டில்மெண்ட் பணத்தை எடுத்து பேன்ஸி ஸ்டோர் வைக்கிறார். செருப்புக் கடை வைக்கிறார். அட்வான்ஸ் கொடுத்து, கண்ணாடி அலமாரி அடித்து, மின்விளக்குப் போட்டு, சரக்கு வாங்குவதற்குள் பாதிப் பணம் கரைந்து விடுகிறது. சரக்கு எங்கே மலிவு, கடன் யாருக்குக் கொடுக்கலாம், எந்த மாதம் வியாபாரம் படுக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரியாத தொழிலில் இருபது வருட உழைப்பைக் கொட்டி விட்டு, இரண்டே வருடத்தில் ஷட்டரை இழுத்து மூடுகிறார்.

ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். ரியாத்தில் 14 வருடம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவர். ஊரில் வைத்த செருப்புக் கடை படுத்து விட்டது. "வேற என்ன வியாபாரம் செய்யலாம் ஹஜ்ரத்?" என்றார். "உங்க தெருவுல எத்தனை வீட்டுல ஏ.சி. இருக்கு?" என்று கேட்டேன். எண்ணினார், விரல்கள் போதவில்லை. "ரிப்பேரானா யார் வர்றது?" "டவுன்ல இருந்து ஆள் வரணும். ரெண்டு மூணு நாளாகும்." "நீங்க போகலாமே?" என்றேன். தலையைக் குனிந்து கொண்டார். "தெரிஞ்சவங்க வீட்டு வாசல்ல பையைத் தூக்கிட்டு நிக்கிறதுக்கு ஒரு மாதிரியா இருக்கு ஹஜ்ரத்."

ரியாத்தில் தூக்கிய அதே பை! அதே ஸ்பேனர்! அங்கே தூக்கினால் கௌரவம், இங்கே தூக்கினால் கேவலமா? இந்த வெட்கம்தான் நம் சமுதாயத்தின் கைத்தொழிலைத் தின்று கொண்டிருக்கிறது.

பிறகு அவர் பையைத் தூக்கினார். இன்று இரண்டு இளைஞர்கள் அவரிடம் தொழில் பழகுகிறார்கள். சவூதி சம்பளம் அளவுக்கு வருமானம் இல்லைதான். ஆனால், "எம் மவனுக்கு எந்தப் பாடம் வராதுன்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது ஹஜ்ரத்" என்றார். இந்த நிம்மதிக்கு எத்தனை ரியால் விலை வைப்பீர்கள்?

கடைத்தெரு எங்கே?

மக்காவில் செல்வந்தராக இருந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் எல்லாவற்றையும் விட்டு விட்டு மதீனா வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அவரை ஸஅத் பின் ரபீஃ (ரலி) அவர்களுக்குச் சகோதரராக்கினார்கள். ஸஅத் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் அவருக்காகப் பிரார்த்தித்து விட்டு, கடைத்தெரு எங்கே என்றுதான் கேட்டார்கள். வழி காட்டினார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார்கள். சிறிது காலத்தில் திருமணமும் முடித்து, வலீமா கொடுக்கும் நிலைக்கு வந்தார்கள்.

அவர்கள் தெரியாத தொழிலுக்குப் போகவில்லை. வியாபாரி, வியாபாரத்தைத்தான் தொட்டார். பழைய செல்வத்தின் அளவில் தொடங்கவும் இல்லை. நெய்யும் பாலாடைக்கட்டியும் தமக்குக் குறைவு என்று நினைக்கவும் இல்லை. ஸஅத் செய்ததையும் மறந்து விடாதீர்கள். திரும்பி வந்தவரிடம் "எப்ப போறீங்க?" என்று கேட்பவர்களுக்கும், "வாங்க, சேர்ந்து செய்வோம்" என்று சொன்ன அந்த மனிதருக்கும் எவ்வளவு தூரம்!

செய்ய வேண்டியது என்ன?

முதலாவதாக, இன்னும் அங்கே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சவூதி தொழிலாளர் சட்டப்படி, முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்திற்கு அரை மாதச் சம்பளமும், அதற்கு மேல் வருடத்திற்கு ஒரு மாதச் சம்பளமும் பணிக்கொடையாக உண்டு. 12 வருடம் ஒரே கம்பெனியில் இருந்தவருக்கு ஒன்பதரை மாதச் சம்பளம் வர வேண்டும். (வீட்டு டிரைவர்களுக்கு விதி வேறு.) கணக்குப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்!

இரண்டாவதாக, கையிலிருக்கும் தொழிலுக்குச் சான்றிதழ் தேடுங்கள். வயரிங் தெரிந்தவரா? தமிழக அரசு மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்துகிறது. 21 வயது முடிந்து, ஐந்து வருட அனுபவம் இருந்தால் எழுதலாம். பத்தாவது முடிக்காமல் விமானம் ஏறியவரா? தேசிய திறந்தநிலைப் பள்ளியில் உச்ச வயது வரம்பே இல்லை. நாற்பதில் பரீட்சை எழுதுவது வெட்கமல்ல. தொழில் தெரிந்தும் தாளில்லாத ஒரே காரணத்தால் பாதிக் கூலிக்கு நிற்கிறோமே, அதுதான் வேதனை!

மூன்றாவதாக, முதலுக்கு வட்டிக்கடைக்குப் போகாதீர்கள். மனைவியின் நகையை வங்கிக்குக் கொண்டு போகாதீர்கள். ஒருவர் முதல், ஒருவர் உழைப்பு, லாபத்தில் பேசிய பங்கு என்ற முளாரபா முறை நம்மிடம் இருக்கிறது. எழுதி, சாட்சி வைத்துச் செய்யுங்கள். செட்டில்மெண்ட் பணத்தில் வீட்டுச் செலவுக்கு ஒரு வருடத் தொகையை முதலில் ஒதுக்கி விட்டு, மீதியில் ஒரு பகுதியை மட்டும் தொழிலில் போடுங்கள்.

நான்காவதாக, ஜமாஅத் நிர்வாகிகளுக்கு. உங்கள் மஹல்லாவில் திரும்பி வந்தவர்கள் யார், யாருக்கு என்ன தொழில் தெரியும் என்று ஒரு பதிவேடு இருக்கிறதா? பைத்துல்மாலிலிருந்து ஒருவருக்கு டிரில்லிங் மெஷின் வாங்கிக் கொடுத்தால், அடுத்த வருடம் அவர் வாங்கும் கையாக இருக்க மாட்டார்.

ஐந்தாவதாக, அரசுக்கு. வெளிநாடு வாழ் கேரளத்தவர்களுக்காக 1996லேயே கேரளம் தனித் துறை கண்டது. திரும்பி வந்தவர் தொழில் தொடங்க மானியமும் தருகிறது. தமிழகத்தில் 2011இல் சட்டம் வந்தது. நல வாரியம் அமைப்போம் என்ற அறிவிப்பு 2021இல்தான் வந்தது. வாரியத்தில் உறுப்பினராகப் பதிவு செய்யுங்கள். பதிவேட்டில் எண்ணிக்கை இருந்தால்தான் நம் கோரிக்கைக்கு எடை இருக்கும்.

கடைசியாக, வீட்டுப் பெண்மக்களுக்கு. என் சகோதரிகளே! இத்தனை வருடம் கணவரின் குரலோடு குடும்பம் நடத்தியவர்கள் நீங்கள். பிள்ளைகளை வளர்த்தீர்கள், கடனை அடைத்தீர்கள், வீட்டைக் கட்டினீர்கள். இப்போது அவர் குறைந்த வருமானத்தோடு, முழு மனிதராக வீட்டில் இருக்கிறார். அடுத்த வீட்டுக்கு வரும் டிராப்டை அவர் காதில் போடாதீர்கள். "போயிட்டு வந்த மாதிரி இருந்தா நல்லாயிருக்கும்" என்ற உங்களுடைய ஒரு வார்த்தை, அவரை மறுபடியும் ஏஜெண்டின் வாசலில் கொண்டு போய் நிறுத்தி விடும்.

சகோதரரே! இன்றிரவு இஷாவுக்குப் பிறகு ஒரு தாளை எடுத்துக் கொள்ளுங்கள். அங்கே இருந்த வருடங்களில் உங்கள் கை என்னென்ன கற்றது என்று எழுதுங்கள். அவற்றில் எது நம் ஊருக்குத் தேவை என்று பக்கத்திலேயே குறியுங்கள். குறித்ததில் ஒன்றை நாளை சுபுஹுக்குப் பிறகு தொடங்குங்கள். பரக்கத்தைத் தருபவன் அல்லாஹ்!