கத்தரி மழுங்கினால் ஆட்டுக்குத்தான் காயம்

குறும்பாடு வைத்திருக்கிறவர்களுக்கு ரோமம் கத்தரிக்கும் வேலை ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. கோயமுத்தூர்க் குறும்பை ஆனாலும் சரி, திருச்சிப் பக்கத்துக் கருங்குறும்பை ஆனாலும் சரி, அந்த வேலையைச் செய்வது ஒரு கத்தரிதான். ஆட்டுக்குத் தீவனம் பற்றிப் பேசுகிறோம், குடற்புழு மருந்து பற்றிப் பேசுகிறோம். கத்தரியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இன்று அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் தாராபுரம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர் ஆட்டைப் படுக்க வைத்து ரோமம் கத்தரித்துக் கொண்டிருந்தார். கத்தரித்து விட்ட ஆடுகள் பக்கத்தில் நின்றன. பாதி ஆடுகளின் விலாவிலும் தொடையிலும் ரத்தக்கோடு. "என்னங்க பெரியவரே, இப்படிக் காயமாகுதே?" என்று கேட்டேன். "சார்ங்க, போன வாரந்தானுங்க சாணை புடிச்சேன். அதுக்குள்ள வெட்ட மாட்டேங்குது. இழுத்து இழுத்து வெட்டுனா தோலும் சேந்து வருதுங்க. இப்ப வர்ற இரும்பே சரியில்லைங்க" என்றார்.

சின்னக் கீறல்தானே என்று விட்டுவிடக் கூடாது. காயத்தில் ஈ உட்கார்ந்து முட்டை வைத்தால் ஓரிரு நாளில் புழு நெளியும். மண்ணில் இருக்கும் கிருமி காயத்தின் வழியே ஏறினால் ரண ஜன்னி வரும். வந்த பிறகு ஆட்டைக் காப்பாற்றுவது மிகவும் கஷ்டம். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. தாடைக்குக் கீழேயும் தோளுக்கு முன்னேயும் சில ஆடுகளுக்குச் சீழ்க்கட்டி வருகிறது அல்லவா? அந்தச் சீழ் கத்தரியில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஆட்டின் கீறலில் பட்டால், அந்த ஆட்டுக்கும் கட்டி வரும். இப்படி ஒரே கத்தரி பட்டி முழுக்க நோயைப் பரப்பிவிடும்.

பெரியவரிடமிருந்து கத்தரியை வாங்கி, மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். நீங்களும் உங்கள் கத்தரியை இப்படிப் பார்க்கலாம். நல்ல கத்தரி என்றால் இரண்டு அலகுக்கும் நடுவே நூல் அளவு சந்து தெரியும், நுனி மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். அலகுகளை லேசாக வளைத்துத்தான் செய்கிறார்கள். மூடும்போது இரண்டு வாயும் ஒரே ஒரு புள்ளியில் உரசும். அந்தப் புள்ளி நடு ஆணியிலிருந்து நுனி வரைக்கும் நகர்ந்து போகும். வெட்டு நடப்பது அந்தப் புள்ளியில்தான்.

பெரியவர் கத்தரியில் சந்து சரியாகத்தான் இருந்தது. ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு மற்றதை உயர்த்தி விட்டேன். அது 'படக்'கென்று விழுந்து மூடியது. நடு ஆணி தளர்ந்திருக்கிறது! சரியான இறுக்கம் என்றால் அலகு மெதுவாக இறங்கி, முழுதும் மூடுவதற்கு முன்பே நின்றுவிடும். ஆணி தளர்ந்தால் அலகுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். ரோமம் அறுபடாமல் நடுவில் மடங்கிச் சிக்கும். அப்போது இழுப்போம், தோல் தூக்கிக்கொண்டு வரும், அதையும் சேர்த்து வெட்டிவிடுவோம். இது மழுங்கல் இல்லை. இதற்குப் போய்ச் சாணை பிடித்தால் இரும்பு தேய்வதுதான் மிச்சம். திருகாணி என்றால் கொஞ்சமாகத் திருகிப் பாருங்கள். அடித்த ஆணி என்றால் கொல்லரிடம் கொடுத்து லேசாக ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். பலமாக அடித்தால் கத்தரி திறக்கவே திறக்காது.

இறுக்கம் சரியாக இருந்தும் வெட்டவில்லை என்றால் அடுத்து அழுக்கைப் பாருங்கள். ஆட்டு ரோமத்தில் நெய்ப்பிசுக்கு உண்டு. பட்டியில் படுத்து எழுந்த மண் அந்தப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். வாயை மழுக்குவதில் ரோமத்தைவிட அந்த மணலுக்குத்தான் பங்கு அதிகம். ஆகையால் கத்தரிப்பதற்கு முதல் நாளே ஆட்டைக் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவி, சுத்தமான இடத்தில் நன்றாகக் காய விடுங்கள். ஈரத்தோடு கத்தரித்தால் ரோமமும் பூத்துப் போகும், கத்தரியும் துருப்பிடிக்கும். நாலைந்து ஆட்டுக்கு ஒரு முறை கத்தரியை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். ஆணிக்கு அடியில் சேரும் பிசுக்கையும் ஒரு குச்சியால் எடுத்துவிட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் வெட்டாத கத்தரியைத்தான் தீட்ட வேண்டும். அதை நீங்களே வீட்டில் செய்யலாம், ஒரு நைசான தீட்டுக்கல் போதும். முடிந்தால் அலகுகளைக் கழற்றிக் கொள்ளுங்கள். ஒவ்வொரு அலகிலும் வெளிப்பக்கம், வாயை ஒட்டி ஒரு சாய்வு இருக்கும். அந்தச் சாய்வை மட்டும்தான் தீட்ட வேண்டும். உள்பக்கத்தைத் தேய்க்கவே கூடாது. உள்பக்கம் மட்டமாகிவிட்டால் நான் சொன்ன வளைவும் சந்தும் போய்விடும், அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் ரோமம் மடங்கத்தான் செய்யும்.

சாய்வு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. விளக்குக் கரியைச் சாய்வின்மேல் தடவிவிட்டு, கல்லில் தண்ணீர் விட்டு இரண்டு இழுப்பு இழுங்கள். கரி முழு அகலத்துக்கும் அழிந்திருந்தால் கோணம் சரி. ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தால் கையைக் கொஞ்சம் சாய்க்கவோ நிமிர்த்தவோ வேண்டும். அப்படியே கோணம் மாறாமல், அடியிலிருந்து நுனிவரை ஒரே பக்கமாக இழுங்கள். பொறுமையாக இழுத்தால் உள்பக்க ஓரத்தில் பிசிர் எழும். நீள வாட்டில் இழுக்காமல், குறுக்கே விரலை லேசாக வைத்து உணர்ந்து பாருங்கள். வாய் முழுக்கப் பிசிர் தட்டினால் தீட்டியது போதும். உள்பக்கத்தைக் கல்லில் படுக்க வைத்து, அழுத்தாமல் ஒரே ஒரு இழுப்பு. பிசிர் போய்விடும். பூட்டி, எண்ணெய் விட்டு, கொஞ்சம் ரோமத்தை நுனியில் வைத்து வெட்டிப் பாருங்கள். நுனி வெட்டினால்தான் கத்தரி தேறிவிட்டது என்று அர்த்தம்.

சக்கரச் சாணை வேண்டாமா என்று கேட்பீர்கள். நான் ஒரு முறை பட்டது சொல்கிறேன். சயின்ஸ் படித்தவன்தான், ஆனாலும் அவசரத்தில் ஒரு கத்தரியை மோட்டார் சக்கரத்தில் வைத்து நானே அழுத்திவிட்டேன். தீப்பொறி பறந்தது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தால் வாயோரம் நீலம் பாய்ந்திருந்தது. சூடு ஏற ஏற எஃகு முதலில் வைக்கோல் நிறமாகும், பிறகு பழுப்பாகும், அப்புறம் நீலமாகும். நீலம் வந்த இடத்தில் கொல்லர் கொடுத்த தோய்ச்சல் இறங்கிவிட்டது, இரும்பு மெதுவாகிவிட்டது என்று பொருள். அந்தக் கத்தரி அன்றைக்கு வெட்டியது, மறுநாள் மழுங்கியது. சாணைக்காரரிடம் கொடுப்பதானால் பக்கத்தில் நின்று, அடிக்கடி தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள். கோபித்துக் கொண்டாலும் பரவாயில்லை, கத்தரி உங்களுடையது.

சிலர் கைமெஷினோ கரண்ட் மெஷினோ வைத்திருக்கிறீர்கள். அதில் கீழே சீப்பு மாதிரி ஒரு தகடு, மேலே ஓடும் தகடு ஒன்று. இரண்டும் ஒட்டி உரசினால்தான் வெட்டும். இவற்றை ஜோடியாகவே தீட்டக் கொடுக்க வேண்டும், ஜோடி மாற்றிப் போடக் கூடாது. திருகை வெட்டும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அடிக்கடி இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். தகட்டைப் புறங்கையில் வைத்துப் பார்த்து, சுட்டால் நிறுத்திவிடுங்கள், ஆட்டுத் தோலையும் அது சுடும். கரண்ட் மெஷின் என்றால் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தகட்டில் கை வைக்க வேண்டும். இந்தத் தகடுகளை வீட்டில் கல்லில் தேய்த்துச் சமப்படுத்துவது சிரமம், தெரிந்த ஆளிடம் கொடுப்பதே நல்லது.

கட்டி உள்ள ஆடுகளைத் தனியே நிறுத்தி, எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் கத்தரியுங்கள். ஒரு ஆட்டில் ரத்தமோ சீழோ பட்டுவிட்டால் கத்தரியை டெட்டால் கலந்த தண்ணீரில் முக்கித் துடைத்த பிறகே அடுத்த ஆட்டைத் தொட வேண்டும். கீறல் விழுந்த இடத்தில் அப்போதே டிங்க்சர் அயோடின் தடவுங்கள். சுற்றிலும் வேப்பெண்ணெய் பூசினால் ஈ அண்டாது.

வேலை முடிந்ததும் கத்தரியைத் துடைத்து, தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயை மெல்லப் பூசி, எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாளானால் பிசுக்காகிவிடும். சாக்கில் சுற்ற வேண்டாம், அது ஈரத்தை இழுக்கும். யூரியா மூட்டையும் உப்பும் இருக்கும் அறையில் தொங்கவிடவே கூடாது. அப்புறம், வீட்டில் இருக்கிறவர்களிடமும் சொல்லி வையுங்கள். கட்டுக்கம்பி வெட்டவும் கருவேலங்குச்சி நறுக்கவும் இந்தக் கத்தரியை எடுக்க வேண்டாம். அந்தப் பெரியவர் வீட்டுக் கத்தரியின் நுனியில் இருந்த பள்ளம் அப்படி வந்ததுதான், பேரன் கம்பி வெட்டினானாம்.