புழு என்ன தின்றது?

(சுத்துக்கேணியில் நடைபெற்ற ஆசிரியர் கலந்துரையாடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒன்பதாம் வகுப்பில் நான் சொன்ன தவறான விடை ஒன்றைப் பற்றி இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

அன்றைய பாடம் உணவுச் சங்கிலி. இந்தப் பகுதிப் பிள்ளைகள் ஊசுட்டேரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சுத்துக்கேணி வாய்க்காலைப் பார்த்து வளர்ந்தவர்கள். அதனால் வளர்ப்பு மீனையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டேன். கட்லாவும் ரோகுவும் குளத்தில் கிடைப்பதோடு தவிட்டையும் கடலைப் பிண்ணாக்கையும் தின்று வளர்ந்துவிடும். கொடுவா போன்ற, பிற மீன்களைத் தின்னும் மீன்களுக்குத் தீவனத்தில் மீன்தூளும் மீன் எண்ணெயும் வேண்டும். அதற்காகக் கடலில் மத்தி போன்ற சிறு மீன்களைப் பிடிக்கிறார்கள் என்றேன்.

“மீன் வளர்க்க மீனையே பிடிக்கணுமா சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் வீட்டில் மீன்குளம் இருக்கிறது.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கறுப்புச் சிப்பாய் ஈயைப் பற்றிச் சொன்னேன். வீட்டு ஈபோல் இது உணவுப் பண்டத்தை மொய்ப்பதில்லை. இதன் புழுக்கள் காய்கறிக் கழிவைத் தின்று சில வாரங்களில் கொழுத்துவிடும். அவற்றை உலர்த்திப் பிழிந்தால் எண்ணெய் தனியாகவும் புரதத்தூள் தனியாகவும் கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் பூச்சிப் புரதத்தை மீன் தீவனத்தில் சேர்க்க அனுமதித்தது என்பதையும் சொன்னேன்.

அவள் விடவில்லை. “அந்தப் புழு எண்ணெயைத் தின்ன மீன்லயும் ஒமேகா-3 அதே அளவு இருக்குமா சார்?”

“இருக்கும்மா. எண்ணெய்க்குப் பதில் எண்ணெய்தானே” என்றேன்.

மாலையில் மனம் உறுத்தியது. தேடிப் படித்தபோது நான் சொன்னது தவறு என்று தெரிந்தது. சிப்பாய் ஈப் புழுவின் எண்ணெயில் பெரும்பங்கு வகிப்பது லாரிக் அமிலம். தேங்காய் எண்ணெயில் மிகுதியாக இருப்பதும் அதுதான். மீனுக்கு அது நல்ல எரிபொருள். ஆனால் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டி.எச்.ஏ. என்னும் ஒமேகா-3 அதில் ஏறக்குறைய இல்லை. கடல் மீன்கள் பலவற்றால் அதைத் தம் உடலிலேயே போதிய அளவு உண்டாக்கிக்கொள்ளவும் முடியாது. அதனால் தீவனத்திலுள்ள மீன் எண்ணெயில் ஒரு பகுதியைப் புழு எண்ணெயால் ஈடுசெய்யலாம். முழுவதையும் மாற்றினால் நாம் உண்ணும் மீனின் சத்து குறையும்.

மறுநாள் வகுப்பில், “நேற்று நான் சொன்னது தவறு” என்று தொடங்கினேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கரும்பலகையில் இரண்டு சங்கிலிகளை வரைந்தேன். முதலாவது: கடலின் நுண்பாசி, அதைத் தின்னும் மிதவை உயிரி, அதைத் தின்னும் மத்தி, அதிலிருந்து மீன் எண்ணெய். இரண்டாவது: காய்கறிக் கழிவு, புழு, புழு எண்ணெய். “முதல் சங்கிலியில் ஒமேகா-3-ஐ உண்டாக்குவது யார்?” என்று கேட்டேன். மத்தி என்றார்கள். பாசி என்றதும் வியந்தார்கள். மத்தி அதைப் பெரும்பாலும் இரையிலிருந்து பெற்றுச் சேர்த்து வைக்கிறது, அவ்வளவுதான்.

அந்த மாணவி எழுந்தாள். “அப்போ புழு என்ன தின்னுச்சுன்னு பாக்கணும் சார்.”

அவள் சொன்னது முற்றிலும் சரி. மீன் கழிவைத் தின்ற புழுவின் கொழுப்பில் ஒமேகா-3 ஓரளவு சேர்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பூச்சிக்குப் பூச்சியும் எண்ணெய் மாறுபடும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பட்டு நூற்ற பிறகு கூட்டுப்புழு மிஞ்சுகிறது. மல்பெரி இலை தின்று வளர்ந்த அந்தப் புழுவின் எண்ணெயில் ஆல்பா லினோலெனிக் அமிலம் என்ற தாவர வகை ஒமேகா-3 கணிசமாக உண்டு. கெண்டை இன நன்னீர் மீன்கள் அதில் ஒரு பகுதியை டி.எச்.ஏ.வாக மாற்றிக்கொள்ளும். பெங்களூருவில் 2019-இல் தொடங்கப்பட்ட லூப்வோர்ம் நிறுவனம் இந்தக் கூட்டுப்புழுவிலிருந்து தீவனத்துக்கான புரதமும் எண்ணெயும் எடுக்கிறது.

இதை வகுப்பறைக்குக் கொண்டுபோவது எளிது. தொடக்க வகுப்புகளில் ‘யார் யாரைத் தின்கிறார்’ என்று அட்டைகளை அடுக்கச் சொல்லலாம். நடுநிலை வகுப்புகளில் பட்டுப்பூச்சி, சிப்பாய் ஈ இரண்டின் வாழ்க்கைச் சுழற்சியையும் ஒப்பிடலாம். உயர்நிலை வகுப்புகளில் தேங்காய் எண்ணெய், புழு எண்ணெய், மீன் எண்ணெய் மூன்றின் கொழுப்பு அமிலங்களை அட்டவணையாக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. சத்துணவில் மிஞ்சியதைப் புழுவுக்குப் போட்டு, அந்தப் புழுவைக் குளத்து மீனுக்குப் போடும் செயல்திட்டம் வேண்டாம். கழிவிலுள்ள காட்மியம் போன்ற கன உலோகம் புழுவின் உடலில் சேரக்கூடும். உணவக, சமையலறைக் கழிவைத் தீவனப் பூச்சிகளுக்குக் கொடுக்க ஐரோப்பாவிலும் அனுமதி இல்லை. ஆர்வமுள்ள பிள்ளைகளைக் குரும்பாப்பேட்டிலுள்ள காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள வல்லுநர்களிடம் கேட்கச் செய்யுங்கள்.

அந்த மறுநாள் வகுப்புக்குப் பிறகு பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்விகள் கூடின. விடை தெரியாதபோது “நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்” என்கிறேன். சொன்னபடி மறுநாள் சொல்லிவிடுகிறேன்.