கடாரத்து இரும்பும் கதையில் வரும் வாளும்

ஃபேண்டசி எழுதும் ஆசை நம் இளைஞர்கள் பலருக்கு வந்திருக்கிறது. வரவேற்க வேண்டிய ஆசை. ஆனால் கெடாவின் கூலிமிலும் பாடாங் செராயிலும் பிறந்து வளர்ந்தவர்களின் கதைகளில் பனி கொட்டுகிறது. பைன் மரக் காட்டுக்குள் கருங்கல் கோட்டை நிற்கிறது. வீரன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கணப்படுப்பின் அருகில் உட்கார்ந்திருக்கிறான். எழுதியவர் பனியைத் தொட்டுப் பார்த்ததில்லை. அவர் அறிந்த மழைக்கும் சேற்றுக்கும் அட்டைக்கடிக்கும் கதையில் ஒரு வரி இடமில்லை.

இவ்வுரையாளர் பொறுமை இழக்கும் இடம் இது. நம்ப முடியாத ஒன்றை வாசகர் நம்ப வேண்டுமானால், அதைச் சுற்றியுள்ளவை எல்லாம் சரியாக இருக்க வேண்டும். டோல்கியனைப் படித்தவர்களுக்கு இது தெரியும். பாத்திரங்கள் ஒரு நாளில் எத்தனை மைல் நடக்க முடியும், அன்று இரவு நிலவு எந்த அளவில் இருக்கும் என்றெல்லாம் கணக்குப் போட்டு, பிசகிய இடங்களை அவர் திருத்தி எழுதினார். நம் கல்கியும் 'பொன்னியின் செல்வ'னுக்காக ஓவியர் மணியத்தோடு இலங்கைக்குப் போய்ப் பார்த்து வந்தவர்தான்.

பழைய கடாரமான கெடாவுக்குச் சொந்தமாகவே ஒரு மாயக்கதை இருக்கிறது. 'ஹிகாயாட் மெரோங் மகாவங்சா'வில் வரும் கோரைப்பல் ராஜா, ராஜா பெர்சியோங். துங்கு அப்துல் ரஹ்மான் எழுதிய கதையை வைத்து 1968-இல் படமாகவும் வந்ததால் பலருக்குத் தெரிந்திருக்கும். மனித ரத்தம் குடித்து அரக்கனாகிப்போன அரசன். அந்தப் பயங்கரம் எங்கே தொடங்குகிறது என்று கவனியுங்கள். சுடுகாட்டிலோ மந்திரவாதியின் குகையிலோ அன்று, அடுப்படியில். கீரை அரியும்போது சமையல் செய்பவரின் விரல் அறுபட்டு ரத்தம் குழம்பில் சொட்டிவிடுகிறது. புதிதாகச் சமைக்க நேரமில்லை, தாமதித்தால் அரசன் கோபிப்பான். அப்படியே பரிமாறிவிடுகிறார். அரசனுக்கு ருசி பிடித்துப்போகிறது. கோரைப்பல் முளைத்ததை நாம் நம்புவதற்குக் காரணம் அந்தக் கீரை. நேரமாகிவிட்டதே என்ற அந்தப் பதற்றம். எந்த வீட்டு அடுப்படியிலும் இது நடக்கும்.

இனி இரும்புக்கு வருவோம். இந்த உரையில் பெரும் பங்கு இரும்புக்கே.

சில காலம் முன்பு ஓர் இளைஞர் தன் கதையைக் கொண்டுவந்து இவ்வுரையாளரிடம் கொடுத்தார். நல்ல நடை. கதையில் கொல்லன் ஒருவன் இரும்பை உருக்கி, தண்ணீர் போல் அச்சில் ஊற்றி, ஒரே இரவில் மாயவாள் செய்துவிடுகிறான். "அடுப்பு எரிக்க என்ன விறகு தம்பி?" என்று கேட்டதற்குப் பதில் இல்லை. "மூச்சுவிடாமல் துருத்தி ஊதியது யார்?" அதற்கும் பதில் இல்லை. அந்தத் தம்பியின் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்விடும் தூரத்தில்தான் சுங்கை பத்து இருக்கிறது.

பூஜாங் பள்ளத்தாக்கைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்தவர்கள்கூட சுங்கை பத்துவை நின்று பார்ப்பதில்லை. செம்பனைத் தோட்டத்துக்குள் கிடந்த மேடுகளை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் குழு 2009 முதல் தோண்டியது. வெளிப்பட்டது இரும்பு உருக்கிய தொழிற்களம். உலைகளின் எச்சம், இரும்புத் தாது, கசடு, பிறகு குவியல் குவியலாகச் சுட்ட மண்குழாய்கள். துருத்திக் காற்றை உலைக்குள் செலுத்தும் ஊதுகுழாய்கள் அவை.

அந்தக் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு முனை துருத்திப் பக்கம், மறுமுனை நெருப்புக்குள். நெருப்புப் பக்கத்து முனை வெந்து, உருகி, கண்ணாடி போல் பளபளப்பேறி, கடைசியில் உபயோகத்துக்கு ஆகாமல் போகும். தூக்கிப்போட்டுவிட்டு வேறொன்றைச் செருக வேண்டும். அப்படியானால் உலைக்குப் பக்கத்திலேயே குழாய் செய்து அடுக்குகிறவர்கள் இருந்திருக்க வேண்டும். களிமண் மிதிக்க ஆள், காயவைக்க இடம், மழை வந்தால் மூடுவதற்குக் கூரை. அந்தக் கூரைக்கடியில் ஒரு பெண் உட்கார்ந்து விரலால் குழாயின் வாயைச் சரிசெய்கிறாள் என்று எழுதுங்கள். ஃபேண்டசிக்கு முதல் பாத்திரம் கிடைத்துவிட்டது.

அடுத்தது சூடு. இரும்பு முழுதாக உருகி ஓட 1,538 பாகை செல்சியஸ் வேண்டும். களிமண் உலையும் கைத்துருத்தியும் அந்த அளவுக்கு ஏற்றுவதில்லை. அந்த உலைகளில் கசடு மட்டும் உருகி வழியும். இரும்பு பஞ்சுபோல் துளைத்துளையான கட்டியாகத் தங்கும். அதைச் சூட்டோடு எடுத்து அடித்து அடித்து, உள்ளே ஒளிந்திருக்கும் கசடை வெளியேற்ற வேண்டும். ஆகவே அச்சில் ஊற்றிய மாயவாள் கிடையாது. அடித்த வாள்தான் உண்டு. மறுபடியும் சொல்வது நல்லது: ஊற்றிய வாள் கிடையாது, அடித்த வாள்தான். இந்த ஒரு விவரம் தெரிந்தால் கதையே மாறிவிடும். வாளுக்குள் வெளியேறாத கசடு கொஞ்சம் தங்கியிருக்கலாம். கடைசிச் சண்டையில் அந்த இடத்தில் வாள் ஒடியலாம். சாபம் என்று ஊர் சொல்லும், கொல்லனுக்கு மட்டும் காரணம் தெரியும்.

விறகும் அப்படித்தான். இரும்புக்குக் கரி வேண்டும், கரிக்குக் காடு வேண்டும். உலைக்களம் வளர வளர மரம் வெட்டுகிறவர்கள் மலையடிவாரத்தை நோக்கி நகர்வார்கள். 1,217 மீட்டர் உயர ஜெராய் மலையில் வாழும் தெய்வத்துக்கோ பூதத்துக்கோ கோபம் வர வேறு காரணம் தேட வேண்டாம்.

செய்த இரும்பு எங்கே போனது? இங்கே இவ்வுரையாளருக்குப் பிடித்தமான சாட்சி ஒருவர் வருகிறார், சீனத் துறவி யிஜிங். 7-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவிஜயத்திலிருந்து கெடா வந்து, பன்னிரண்டாம் மாதத்தில் இங்கிருந்து பாய்விரித்து இந்தியாவுக்குப் போனவர். வழியில் ஒரு தீவு, நிக்கோபார் என்று கொள்வார்கள். அம்மணமாக வாழும் மக்கள் படகுகளில் தேங்காயும் வாழைப்பழமும் கொண்டுவந்து பேரம் பேசினார்களாம். அவர்கள் விரும்பியது இரும்பு. இரண்டு விரல் அளவு இரும்புத் துண்டுக்கு ஐந்திலிருந்து பத்துத் தேங்காய் வரை கிடைத்ததாக எழுதிவைத்திருக்கிறார். புத்த நூல்களைத் தேடிப் போனவர் தேங்காய் விலையையும் குறித்துக்கொண்டாரே, அதுதான் எழுதுகிறவன் கண். தங்க நாணயமும் மாணிக்கக் கல்லுமாகக் கொட்டிக் கிடக்கும் ஃபேண்டசிகளில், இரண்டு விரல் இரும்புக்குப் பத்துத் தேங்காய் என்ற கணக்கைக் கொண்டுவந்து வையுங்கள். கடலும் பசியும் படகும் தாமாக வந்து சேரும்.

சாண்டில்யனின் 'கடல் புறா' வழியாகத்தான் நம்மில் பலருக்குக் கடாரம் அறிமுகம். கருணாகரத் தொண்டைமானோடு கடல் புறா என்ற அந்தக் கப்பலில் ஏறாத வாசகர் யார்? அதை அவர் எழுதிய காலத்தில் சுங்கை பத்து மண்ணுக்குள் இருந்தது. இன்று எழுதுகிறவருக்கு அவரைவிட அதிகம் கையில் இருக்கிறது. அதை எடுத்தாளாமல் ஐரோப்பியக் கோட்டையை இரவல் வாங்குவது சோம்பல்.

பழமை வேண்டாம் என்பவர்களுக்கு ரப்பர் தோட்டம் இருக்கிறது. இவ்வுரையாளரின் தாயார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, நெற்றி விளக்கோடு நிரைக்குள் நுழைந்துவிடுவார். வெயில் ஏறினால் பால் வரத்துக் குறையும், அதனால்தான் இருட்டிலேயே வெட்டு. மழை பெய்து மரப்பட்டை நனைந்தால் அன்று வெட்டு இல்லை, கூலியும் இல்லை. தீம்பார் முனையில் முனியாண்டிக்கு ஒரு சூலம். நிரையில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார். பகலில் பால் வெட்டியிருந்தால் அந்த முனியாண்டிக்கு இத்தனை பலம் வந்திருக்காது. லுனாஸில் பிறந்த ம. நவீன் 'பேய்ச்சி' நாவலில் 1981-இல் அங்கே நச்சுச் சாராயம் குடித்துப் பலர் மாண்ட நிகழ்வை எடுத்துக்கொண்டார். அந்த மண்ணின் உண்மையில் ஊன்றி நிற்பதால்தான் அவருடைய பேய்ச்சிக்கு உக்கிரம்.

பழமைக்கே திரும்பினால், மெர்போக் அருங்காட்சியகத்தில் புக்கிட் பத்து பஹாட் கோயிலின் அடித்தளம் இருக்கிறது. மரத்தூண்களை நிறுத்திய கற்களில் குழி தெரியும். மேலே இருந்த மரமும் கூரையும் மக்கிப்போயின. கூரை ஓலையா பலகையா, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடிந்தது என்று அங்கே நின்று யோசித்துப் பார்த்தால் ஒரு நகரத்தையே எழுப்பிவிடலாம்.

ஆனால் எல்லாம் நமக்காகக் காத்திருக்கும் என்று எண்ண வேண்டாம். பூஜாங் பள்ளத்தாக்கின் பதினொன்றாம் எண் கோயிலின் எச்சத்தை 2013-இல் வீட்டுமனைக்காக இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். சுங்கைப் பட்டாணியிலிருந்து மெர்போக் அரைமணி நேர ஓட்டம்தான். கதை எழுதும் நேயர்கள் இந்த மாதமே ஒரு நோட்டுப்புத்தகத்தோடு போய்வாருங்கள். திரும்பும் வழியில் சுங்கை பத்துவிலும் இறங்கிப் பாருங்கள்.