“ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுறோம்”



கன்னியாகுமரி மாவட்டத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கல்யாணப் பேச்சு நடந்தால் இந்த வாக்கியம் எப்படியும் காதில் விழும். “ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுறோம்.” பையனைப் பிடித்துப்போனால் இரண்டே நாளில் ஆண்டவரின் சித்தம் தெரிந்துவிடும். நகைப் பேச்சில் ஒத்துவரவில்லை என்றால், “ஆண்டவர் சித்தம் வேற மாதிரி இருக்கு” என்று பதில் போகும். யார் மனமும் நோகாமல் மறுப்பதற்கு இதைவிட நல்ல வழி ஏது? புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எடுத்த, வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை வைத்து வளைகுடா வேலைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவுசெய்கிறவர்களும் உண்டு.

நம்மூர்க்காரர்களை மட்டும் கேலி செய்வது நியாயமில்லை. 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மொரேவிய சபையார் யாருக்கு யாரைக் கட்டிவைப்பது, யாரை மிஷனரியாக அனுப்புவது என்பதையெல்லாம் சீட்டுப் போட்டுத்தான் பார்த்தார்கள். சீட்டானாலும் அட்டையானாலும் ஒரு வசதி உண்டு. காத்திருக்க வேண்டாம்.

பேச்சில்லாமல் அமர்ந்து ஆண்டவரின் சித்தத்தைத் தேடும் அமைதி ஜெபம் அந்த வசதியைத் தருவதில்லை. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார், 16-ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் இதற்கென்று ஒரு முறையே வகுத்திருக்கிறார். முதலில், எந்தப் பக்கமும் சாயாமல் மனதை நிறுத்தப் பழக வேண்டும். பிறகு சில கேள்விகள். முன்பின் தெரியாத ஒருவர் இதே சிக்கலோடு வந்தால் அவருக்கு என்ன சொல்வாய்? சாகும் தறுவாயில் எதைத் தேர்ந்தெடுத்திருந்தால் நிம்மதியாக இருக்கும்? கூடவே ஓர் எச்சரிக்கை: மனம் சோர்ந்து இருண்டு கிடக்கும்போது, முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றாதே. நெஞ்சைத் தொட்டுச் சொன்னால், முதல் படியிலேயே பெரும்பாலானவர்கள் நின்றுவிடுவார்கள். கேட்பதற்கு முன்பே பதிலை முடிவுசெய்துகொண்டு முழங்கால் போடுவதுதானே நம் வழக்கம்.

தேவ சித்தத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்த ஒருவரின் கதை நம் மாவட்டத்திலேயே உண்டு. நட்டாலத்து நீலகண்ட பிள்ளைக்கு 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் கொடுத்தவர் ஓர் இயேசு சபைக் குரு. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்டு, பின்பு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்த டச்சுக் கம்பெனிப் படையின் டிலனாய்தான், துன்பத்திலும் விசுவாசத்தை விடாத யோபுவின் கதையை அவருக்குச் சொன்னவர். பிள்ளை தேவசகாயம் ஆனார். 1749-இல் சிறை. ஏறக்குறைய மூன்று ஆண்டுச் சித்திரவதைக்குப் பிறகு, 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். தேவ சித்தப்படி நடந்தால் எடுத்த காரியம் எல்லாம் கைகூடும் என்று பிரசங்கிக்கிறவர்கள், 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட இந்த மனிதரின் வாழ்க்கையை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

இதே மாவட்டத்தில் நெய்யூரில் இன்னொரு கதை இருக்கிறது. இதில் தரிசனமோ அசரீரியோ வருவதில்லை.

ஹோவர்ட் சாமர்வெல் இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் 1890-இல் பிறந்த அறுவை மருத்துவர், ஆழ்ந்த விசுவாசி. முதல் உலகப் போரில் சோம் போர்முனையில் வேலை பார்த்தார். கூடாரத்துக்கு வெளியே ஸ்ட்ரெச்சர்களில் ஆயிரக்கணக்கானவர்கள். உள்ளே கத்தி பிடிக்க ஒருசில மருத்துவர்கள். ஓய்வு கிடைத்தபோது வெளியே வந்து காயம்பட்டவர்களுடன் பேசினார். “என்னை முதலில் பாருங்கள்” என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதை அவர் மறக்கவே இல்லை.

1922-இல் எவரெஸ்ட் குழுவில் போனார். ஆக்சிஜன் இல்லாமல் சுமார் 27,000 அடி வரை ஏறினார். ஜூன் 7-ஆம் தேதி பனிச்சரிவு ஏழு சுமைதூக்கிகளைக் கொண்டுபோனது. அவர் பிழைத்தார். பயணம் முடிந்ததும் இந்தியாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தெற்கே இறங்கி வந்தவர், நெய்யூர் மிஷன் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அன்றைய தென்திருவிதாங்கூரில் 1838-இலேயே தொடங்கிய மருத்துவப் பணி அது. அங்கிருந்த டாக்டர் பியூ தன்னந்தனியாகத் திணறிக்கொண்டிருந்தார். வாசலில் நோயாளிகள் வரிசை நீண்டு கிடந்தது.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் சாமர்வெல்லுக்கு வேலை காத்திருந்தது. அந்த வேலைக்கு வேறொருவர் கிடைப்பார். நெய்யூருக்கு யார் வருவார்? லண்டன் வேலையை வேண்டாம் என்றார். ஊருக்குப் போய் லண்டன் மிஷனரி சங்கத்திடம் தன்னை ஒப்புக்கொடுத்துவிட்டு, 1923-இல் நெய்யூருக்கே வந்து சேர்ந்தார். இஞ்ஞாசியாரின் கேள்விகளை அந்தப் புராட்டஸ்டண்டுக்காரர் படித்தாரோ இல்லையோ, அவற்றுக்கான பதிலாகவே இந்த முடிவு நிற்கிறது. தேவை கண்ணெதிரே நிற்கும்போது ஜெபத்துக்கு மிஞ்சுகிற வேலை, நாம் சொல்லும் சாக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போடுவதுதான் என்று தோன்றுகிறது.

மலை ஆசையை அவர் விட்டுவிடவில்லை. 1924-இல் நெய்யூரிலிருந்தே மறுபடி எவரெஸ்டுக்குப் போய் 28,000 அடியை எட்டினார். இறங்கும் வழியில் தொண்டைச் சவ்வு கழன்று மூச்சை அடைத்தது. இரண்டு கைகளாலும் நெஞ்சை அழுத்தி அதை வெளியே தள்ளிப் பிழைத்தார். அந்தப் பயணத்தில் சக மலையேறி மல்லோரிக்கு இரவலாகக் கொடுத்த கேமரா மல்லோரியோடு காணாமல் போனது. சாமர்வெல் நெய்யூருக்குத் திரும்பினார். மரச்சீனியும் காரமுமாகச் சாப்பிடும் சனங்களிடையே வயிற்றுப்புண் மலிந்திருந்த காலம். அந்த அறுவை சிகிச்சையில் அவர் பெயர் வெளிநாட்டு மருத்துவர்களிடமும் பரவியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் நெய்யூரில் இருந்துவிட்டு, 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போய், 1961 வரை மாணவர்களுக்கு அறுவை சிகிச்சை கற்றுக்கொடுத்தார்.