சரிவு நிலத்தில் வீட்டுத் தோட்டம்



லயத்து வீட்டில் குடியிருந்த காலத்தில் வாசலுக்கு முன்னால் நமக்கென்று நாலு முழம் இடம் இருந்தது. ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, வேலியோரம் செம்பருத்தி, விளக்கு வைக்க ஒரு துளசி. அவ்வளவுதான் கொள்ளும். ஆகவே திட்டம் என்று ஒன்றும் தேவைப்படவில்லை. பிறகு நம்மில் பலர் சேமநிதிப் பணத்தைப் போட்டுச் சொந்த வீடோ, துண்டு நிலமோ வாங்கினோம். ஜாசின் பக்கமானாலும் அலோர் காஜா பக்கமானாலும், கையில் இருக்கிற பணத்துக்குக் கிடைக்கும் நிலம் பெரும்பாலும் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கிறது. அந்தச் சரிவை என்ன செய்வது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஜாசின் வட்டாரத் தோட்டம் ஒன்றில் வெளிக்காட்டு வேலைகளைக் கவனிக்கும் கிராணியாக இருந்தவன். வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முன்பே ஒரு குன்றின் இடுப்பில் சிறிய மனை வாங்கி வீடு கட்டினேன். துணி காயப்போடப் பின்னால் சமமான இடம் வேண்டும் என்றாள் வீட்டுக்காரி. மண்வாரி இயந்திரக்காரர் ஒருவரை அழைத்து, அரை நாள் வாடகை பேசி, குன்றைச் சுவர் போலச் செங்குத்தாக எட்டு அடிக்கு வெட்டச் சொன்னேன். இடம் அழகாகத்தான் கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பர் மாதம், மூன்று நாள் விடாத மழை. நள்ளிரவில் ஒரு சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் அடுப்படிக்குள் முழங்கால் அளவுக்குச் சேறு. பிள்ளைகள் முன்கூடத்தில் படுத்திருந்ததால் தப்பினார்கள். வழக்கமாக அவர்கள் படுப்பது அடுப்படியை ஒட்டிய அறையில்.

மறுநாள் சேற்றை வாரிக்கொண்டிருக்கும்போது என் தாயார் சொன்னார்: "தொரைக்கு மேட வெட்டத் தெரிஞ்சுது, சொந்த வீட்டுக்கு வெட்டத் தெரியலியேப்பா." அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

தாயார் கேட்டதில் நியாயம் இருந்தது. சரிவான நிலத்தில் மண்ணைக் காப்பது எப்படி என்பது நம் தோட்டத்து மக்களுக்குப் புதிய செய்தியே இல்லை. இந்த நாட்டில் ரப்பரை வாணிபப் பயிராக முதலில் நட்ட இடங்களில் மலாக்காவும் ஒன்று. 1896இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் தோட்டம் போட்டார். தொடக்கக் காலத்துத் தோட்டங்களில் மரங்களுக்கு இடையே ஒரு புல் கூட இருக்கக்கூடாது என்று வழித்துத் துடைத்து வைத்தார்கள். பெய்த மழையெல்லாம் மேல்மண்ணை அரித்து ஆற்றுக்குக் கொண்டுபோயிற்று. பல ஆண்டுகள் மண்ணை இழந்த பிறகே முதலாளிமார்களுக்குப் புத்தி வந்தது. அதன்பின் குன்றைச் சுற்றி ஒரே உயரத்தில் மேடைகள் வெட்டினார்கள். மேடையின் தளம் வெளிப்பக்கம் சாயாமல் குன்றின் பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கும். தண்ணீர் விளிம்பில் வழியாது. இடையிடையே மண் தங்கும் குழிகள் தோண்டினார்கள். தரையை மூடக் கொடிப்பயறுகளை விதைத்தார்கள். இவற்றை வெட்டியவர்கள் யார்? நம் தாத்தாவும் பாட்டியும்தான்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் நாம் பழைய தவற்றையே செய்கிறோம். முற்றம் என்றால் புல் பூண்டு இல்லாமல் பெருக்கி, சாணம் தெளித்து, கோலம் போட வேண்டும் என்பது நம் வழக்கம். சமதரைக்கு அது பொருந்தும். சரிவில் அப்படிப் பெருக்கிப் பெருக்கி வைத்தால், பத்து ஆண்டில் வீட்டின் அடித்தளம் வெளியே தெரியும். வழக்கத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. வாசற்படிக்கு முன்னால் பத்தடிச் சதுரம் கோலத்துக்கு இருக்கட்டும். மற்ற இடமெல்லாம் பசுமை மூடியிருக்கட்டும்.

சரி, எங்கே தொடங்குவது? செடி வாங்குவதில் தொடங்காதீர்கள். பிள்ளைகளின் பள்ளி நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, வீடு, மலக்குழித் தொட்டி, தண்ணீர்க் குழாய், பக்கத்து வீட்டு எல்லை ஆகியவற்றை வரையுங்கள். காலை வெயில் எது, மாலை வெயில் எது என்று குறியுங்கள். பிறகு நல்ல மழை பெய்யும்போது, இடி இல்லாத நேரமாகப் பார்த்துக் குடையோடு வெளியே போய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பாருங்கள். வெயிலில் பத்து முறை சுற்றி வந்தாலும் தெரியாதது அந்த அரை மணியில் தெரிந்துவிடும்.

கூரைத் தண்ணீரைச் சாதாரணமாக நினைத்துவிடக்கூடாது. 20 அடிக்கு 30 அடி உள்ள கூரையில் ஒரு அங்குல மழை பெய்தால் விழும் தண்ணீர் ஏறக்குறைய 1,400 லிட்டர். பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தால் அளந்தால் 78 தகரம்! நம் பக்கத்தில் ஒரு மாலை மழையே சில வேளைகளில் இரண்டு அங்குலம் கொட்டிவிடும். இவ்வளவையும் சரிவில் ஒரே இடத்தில் விட்டால் எந்த மண்தான் தாங்கும்? கூரைப் பீலி போட்டு, குழாய் வழியாகக் கட்டிய கால்வாய்க்குக் கொண்டுபோய்ச் சேருங்கள். குன்றின் மேலிருந்து வரும் தண்ணீருக்கு, வெட்டிய இடத்துக்கும் மேலே குறுக்காக ஒரு கால்வாய் வெட்டிப் பக்கவாட்டில் இறக்குங்கள். நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

அடுத்தது அளவு. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் முப்பது அடி வாங்கி, காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு கம்பில் முனையைக் கட்டிப் பிடித்துக்கொண்டால், ஒரே உயரத்தில் உள்ள இடங்களைக் கண்டு முளை அடித்துக்கொண்டே போகலாம். அந்த முளைகளின் வரிசைதான் உங்கள் மேடையின் கோடு. அது நேராக இருக்காது, குன்றின் வளைவோடு வளையும். வளையட்டும்.

உதாரணமாக, 60 அடி தூரத்தில் 12 அடி இறக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டடி உயரத்துக்கு ஒன்றாக ஆறு மேடைகள் வரும். ஒவ்வொன்றும் பத்தடி. அதில் முகப்பைச் சரிவாக விடுவதற்கு இரண்டடி போனால், பயிருக்கு எட்டடி மிஞ்சும். அது போதும். ஒரே வெட்டில் சமதரை வேண்டும் என்ற ஆசைதான் என் அடுப்படியைக் கெடுத்தது.

மேடையின் முகப்பைப் பிடித்து வைக்க வெட்டிவேர்ப் புல் மிக நல்லது. தலைக்கும் சர்பத்துக்கும் ஊரில் பயன்படுத்துகிறோமே, அதே வெட்டிவேர்தான். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் மூன்று மீட்டர் ஆழம் வரைகூட நேராக இறங்கும். 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் பி. கே. யூன் என்ற ரப்பர் ஆராய்ச்சியாளர் இந்நாட்டில் இதை நட்டு ஆராய்ந்தார். பின்னர் சாலையோரச் சரிவுகளிலும் நட்டார்கள். விளிம்போடு விளிம்பாக நெருக்கி நடவேண்டும். கிடைக்காவிட்டால் செரேய் நடுங்கள். அவ்வளவு ஆழம் போகாது, ஆனால் குழம்புக்காவது ஆகும்.

வாழையைச் செங்குத்துச் சரிவில் நம்பவேண்டாம். வேர் மேலாக ஓடும், தண்டிலோ தண்ணீர்க் கனம். காற்றடித்தால் மண்ணையும் பெயர்த்துக்கொண்டு சாயும். அதற்கு இடம் கீழ் மேடையில், அடுப்படித் தண்ணீர் வந்து சேரும் பக்கம். ரம்புத்தான், துரியான் முதலியவை வீட்டுக்கும் மலக்குழித் தொட்டிக்கும் எட்டத்திலேயே இருக்கட்டும்.

மலாக்கா மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. மண்வெட்டி போட்டால் 'கணீர்' என்று சரளையில் மோதுகிறதே, அந்தச் செஞ்சரளை மண் வகைக்கு மண்ணியலார் வைத்த பெயரே 'மலாக்கா' வகை. ஆ ஃபமோசா கோட்டை வாசலைக் கட்டிய கல்லும் செம்புரைக்கல்தான். கோட்டைக்கு ஆகும், கொத்தமல்லிக்கு ஆகாது. தண்ணீரும் உரமும் அதில் தங்குவதில்லை. ஆகவே மரத்துக்கு இரண்டடிக் குழி தோண்டி, மக்கிய இலையும் சாணமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி நடுங்கள். தோண்டியெடுத்த சரளையை எறியவேண்டாம். தடுப்புச் சுவருக்குப் பின்னால் கொட்ட அதைவிட நல்ல பொருள் இல்லை.

தடுப்புச் சுவர் என்றதும் துறை அறிந்தவர்களின் உதவி பற்றிச் சொல்லவேண்டும். மூன்றடி வரை, பின்னால் சரளை போட்டு, தண்ணீர் வெளியேறத் துளைகள் விட்டு, நல்ல கொத்தனார் கட்டிவிடலாம். அதற்கு மேல் உயரம் என்றாலோ, வீட்டுக்கு அருகில் குன்றை வெட்டுவது என்றாலோ பொறியாளரைக் கேட்காமல் கை வைக்கக்கூடாது. 1993 டிசம்பர் 11ஆம் தேதி உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று சாய்ந்து 48 பேர் மாண்டார்கள். பின்புறக் குன்றின் வடிகால் சரியில்லாததும், தடுப்புச் சுவர்கள் சரிந்ததும் அதற்குக் காரணமாயின. அது பன்னிரண்டு மாடி, நம்முடையது தகரக் கூரை. ஆனால் மழைத் தண்ணீர் இரண்டிலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது.

1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி மண்வேலைக்கு உள்ளூர் மன்றத்தின் அனுமதி தேவை. முதலில் ஜாசின், அலோர் காஜா முதலிய உங்கள் வட்டார நகராண்மைக் கழகத்தில் நோட்டுத் தாள் வரைபடத்தோடு போய்க் கேளுங்கள். வருகிறவர் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவு பெற்றவரா என்றும் விசாரியுங்கள். நிலம் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானால் ஆபீசில் சொல்லாமல் ஒரு கூடை மண்ணும் வெட்டவேண்டாம்.

பெரிய வீட்டுக்காரர்கள் நில வனப்புக் கலைஞரை வைத்து முழுத்திட்டமும் வரைந்துகொள்வார்கள். நமக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் ஒரு முறை வந்து பார்த்து யோசனை மட்டும் சொல்ல என்ன கூலி என்று கேட்டுப் பார்க்கலாம், தவறில்லை. நாற்றுக்கடைக்காரர் இலவசமாகவே திட்டம் சொல்வார். அந்தத் திட்டத்தில் செடிகள் கொஞ்சம் அதிகமாக இருக்கும்! அடுப்படி போன பிறகு நான் அழைத்த பொறியாளர் ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்தார். மேலே குறுக்குக் கால்வாய், எட்டடிக்குப் பதில் தாழ்வான இரண்டு சுவர்கள், நடுவே மூன்றடி மேடை என்று தாளில் வரைந்து, முறைப்படி மன்றத்துக்கும் அனுப்பிக் கொடுத்தார். அதற்கு அவர் வாங்கிய கூலி, நான் புதிதாகப் போட்ட கூரைத் தகரத்தின் விலைக்குக் கூட வரவில்லை.

வேலையை மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரியில் தொடங்குங்கள். முதலில் கால்வாய், பிறகு மேடை, உடனே புல், கடைசியில் மரம். மண் தங்கும் குழிகளில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகிவிடும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் குழி வாருவது என் பேரனுடைய வேலை. நடு மேடையில் இப்போது துணி காய்கிறது. இடம் குறுகல் என்று வீட்டுக்காரி இன்னும் குறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள்.